ரோதைமுனியைத் துரத்த உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

மலையகத்திலிருந்து முதல் நாவல் எழுத வரும் இளையவர்களுக்கு மூத்த விமர்சகர் ஒருவர் கட்டளை பிறப்பித்திருக்கிறார். நடந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்கிறார். முனி வந்தாலும், செத்தவர் பேசினாலும் அது இருநூறு வருடத் துயரத்துக்குச் செய்யும் துரோகம் என்கிறார். மாயமும் நடப்பும் கலந்த எழுத்து லத்தீன் அமெரிக்காவிடம் கடன் வாங்கிய சரக்கு, அது முதல் நாவல்காரர் கைக்கு அடங்காது என்றும் சொல்கிறார். பிழையான கருத்து என்று இதைக் கடந்து போக என்னால் முடியாது. இந்தப் பேச்சைக் கேட்டு ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ ஒரு பெண் தன் பாட்டி சொன்ன அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டால், அந்த நஷ்டத்தை எந்த விமர்சகரும் ஈடுசெய்யப் போவதில்லை.

நடந்தது எது என்பதிலிருந்தே தொடங்குவோம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரில் கங்காணி சொன்ன கதையை மலையகத்தில் அறியாதவர் இல்லை. அந்தக் கதையை நம்பி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு சமூகம் இடம் பெயர்ந்ததற்கே ஒரு கற்பனை காரணமாக இருந்திருக்கிறது. அந்த மனிதர்கள் மனக்கண்ணால் கண்ட தேங்காயை விட்டுவிட்டு, கப்பல் கூலியையும் துண்டுக் கடனையும் மட்டும் எழுதினால் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது விளங்குமா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து, இங்கேயே தாய் தகப்பனைப் புதைத்த லட்சக்கணக்கானவர்கள் சட்டத்தின் முன் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு வைத்தார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கு வைக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அக்கா இங்கேயும் தங்கச்சி அங்கேயுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. விமர்சகரின் அளவுகோலில் இது யதார்த்தம். தொழிற்சாலை இயந்திரத்தில் ரோதைமுனி இருக்கிறது என்று கும்பிடும் மனிதர் சொல்வது மட்டும் கட்டுக்கதை. இந்த அளவுகோலை அவருக்குக் கொடுத்தது தோட்டத்து ஜனம் அல்ல.

தோட்டத்து ஜனத்துக்கு ரோதைமுனி வேலைத்தலத்தின் ஒரு பகுதி. இயந்திரத்துக்குள் கை போய்விடக்கூடாது என்ற பயம் அந்தக் கும்பிடுதலுக்குள் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி எடுக்கும் முன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுவதும் அதே காரணத்தால்தான். மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்துத் தொடங்கினால், பகலெல்லாம் கொழுந்து நிறுத்தவர், முள்ளுக் குத்தியவர், கான் வெட்டியவர் இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் நிற்கிறார்கள். வீரபத்திரன் இறங்கும்போது தப்புச் சத்தத்தில் கூட்டம் பின்வாங்குகிறது. அந்த நேரத்தில் அங்கே நிற்கும் எவருக்கும் அது நடிப்பாகத் தெரிவதில்லை. மறுநாள் காலை அதே ஆட்கள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே வேலி போட்டுக்கொண்டு அவர்கள் வாழவில்லை. பிறகு நாவலில் மட்டும் வேலி எதற்கு? மஸ்கெலியாவில் பழைய பட்டணமே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மேலே தெரிகின்றன. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் முங்கிப்போனது திரும்பி வராது என்று எழுதச் சொல்வது கொடுமை.

கடன் வாங்கிய சரக்கு என்ற குற்றச்சாட்டைப் பார்த்தால், அதைச் சொன்னவர் தமிழ் நாவல் எங்கே தொடங்கியது என்பதை மறந்திருக்கிறார். 1879இல் வந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், ஆண் வேடமிட்ட ஞானாம்பாளுக்கு யானை மாலை போட, அவள் ஒரு நாட்டுக்கு அரசனாகிறாள். இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. அதை எழுதியவர் நம் மலைகளுக்குப் பக்கத்தில், கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை. எகிப்து வரை ஓடும் சாகசக் கதை அது. தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைத் 'துன்பக்கேணி'யில் எழுதிய அதே புதுமைப்பித்தன்தான் கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்கவும் வைத்தார். அவரிடம் போய் ஒன்றைக் கைவிடு என்று சொல்ல எவருக்கும் துணிவு வந்திருக்காது. மலையகத்துப் புதியவர் என்றால் மட்டும் சொல்லிவிடலாம் என்ற நினைப்புத்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

லத்தீன் அமெரிக்காவையே பார்ப்போம். செத்தவர்களே பேசும் 'பெட்ரோ பராமோ' 1955இல் வந்தபோது அது ஹுவான் ருல்போவின் முதல் நாவல். முதல் நாவலுக்கு இது ஆகாது என்பதற்கு அந்த ஒரு புத்தகமே பதில். 1928இல் கொலம்பியாவில் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இராணுவம் சுட்டது வரலாறு. மார்க்கேஸ் அதைப் பிணங்கள் ஏற்றிய ரயிலாகவும், ஊரே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று மறுக்கும் மறதியாகவும், வருடக்கணக்கில் விடாத மழையாகவும் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் எழுதினார். அந்தக் கற்பனையால் கொலை மறைந்ததா? உலகம் முழுக்க அதை அறிந்துகொண்டது அந்த நாவலால்தான். இங்கேயும் நம் தோட்டத்து மனிதர்களான முல்லோயா கோவிந்தன் 1940இலும் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் 1977இலும் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலைநாட்டுக்கு வெளியே எத்தனை பேர் அந்தப் பெயர்களை அறிவார்கள் என்பதை விமர்சகர் யோசிக்கட்டும்.

இன்னும் பதிவே நடக்கவில்லை, முதலில் பதிவு, பிறகு கற்பனை என்பது அவருடைய இறுதி வாதம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்துவிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல், ஞானசேகரனின் 'குருதிமலை' 1979இல். சி.வி. வேலுப்பிள்ளையும் என்.எஸ்.எம். ராமையாவும் லயத்து வாழ்வை எழுதி எத்தனை காலமாயிற்று! அவர்கள் வேலையைச் செய்யவில்லை என்பதுபோலப் பேசுவது அவர்களுக்கே அவமரியாதை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கைக்கு வந்ததையெல்லாம் மாயம் என்று அள்ளிப் போடும் எழுத்தும் இருக்கிறது. கதை முட்டிக்கொண்ட இடத்தில் பறவையாக மாறிப் பறந்துபோகும் பாத்திரம் எனக்கும் சகிக்காது. அதற்கு மருந்து தடை அல்ல, கணக்கு. செத்துப்போன கிழவி ஒருத்தி கூடையோடு மலைக்கு வருகிறாள் என்று எழுதுங்கள். ஆனால் அவள் கொழுந்தை யார் நிறுத்தது, தண்ணிக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள், முழுநாள் சம்பளமான முழுப்பேரா, அரைநாள் சம்பளமான அரைப்பேரா என்பது தெரிய வேண்டும். கிலோ குறைந்தால் செத்தவளுக்கும் அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளை அந்த நாவலில் இருந்தால், எந்த அறிக்கையும் காட்டாத தோட்டத்தை வாசகர் பார்த்துவிடுவார். மாயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு லயத்துச் சுவரும் பீலித் தண்ணீரும் சம்பளச் சிட்டையும் துல்லியமாக இருக்க வேண்டும். முதல் நாவல்காரருக்கு ஒரு மூத்தவர் கற்றுத்தர வேண்டியது இதைத்தான். அந்த வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று ஆளைத் தடுப்பது விமர்சனமாகாது.

முதல் நாவலைக் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு: பாட்டியின் அத்தியாயத்தை வெட்டாதீர்கள். ரோதைமுனி நாவலில் இருக்கட்டும். சிட்டைக் கணக்கை மட்டும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.