நூறு மீட்டருக்குள் இருக்கும் நம் வீடுகள்

பழைய கோயில்களையும் கோட்டைகளையும் காக்க வேண்டும் என்று சொன்னால் நாம் எதிர்க்கப்போவதில்லை. அந்தக் கற்களைச் சுமந்ததில் நம் முன்னோரின் உழைப்பும் இருக்கிறது. நம் கேள்வி வேறு. ஒரு நினைவுச்சின்னத்தைக் காப்பதற்காக அதைச் சுற்றி வாழ்பவர்கள் மீது விதி போடுகிறார்களே, அந்த விதி யாரை மனதில் வைத்து எழுதப்படுகிறது? யாருடைய வீடு பழைமை என்று காக்கப்படுகிறது, யாருடைய வீடு ஆக்கிரமிப்பு என்று அகற்றப்படுகிறது? 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2012-இல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. இனி ஊருக்கு ஊர் விதிகள் வரும். அவை வருவதற்கு முன்பே நாம் பேசியாக வேண்டும்.

முதலில், இப்போது உள்ள சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் பாதுகாப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கும் மேல். இவற்றுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-இல் கடுமையாகத் திருத்தினார்கள். அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஒரே ஒரு புள்ளியிலிருந்து அளந்தாலே 300 மீட்டர் வட்டம் ஏறத்தாழ 70 ஏக்கர் வரும். பெரிய கோயில் வளாகம் என்றால் அதைவிடப் பல மடங்கு. நம் ஊர்களில் கோயிலைச் சுற்றி 300 மீட்டர் என்பது பாதி ஊர்.

முதல் 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்ட முடியாது. இருக்கும் வீட்டின் மேலே ஒரு தளம் எடுப்பதும், பக்கவாட்டில் ஓர் அறை இழுப்பதும்கூடப் 'புதிய கட்டுமானம்'தான். பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பிக்கத் தகுதி யாருக்கு? 20-சி பிரிவைப் படியுங்கள். 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பே இருந்த கட்டடத்துக்கோ, அதன்பின் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டிய கட்டடத்துக்கோ 'சொந்தக்காரராக' இருப்பவருக்கு. வெளி வட்டமான 200 மீட்டரில் 'சொந்தக்காரர் அல்லது அனுபவத்தில் வைத்திருப்பவர்' என்று எழுதியிருக்கிறார்கள். உள் வட்டத்தில் அனுபவத்தில் வைத்திருப்பவர் என்ற சொல்லே இல்லை. மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"விதி எல்லோருக்கும் பொதுதானே? மாடவீதிக்காரரும் மாடி எடுக்க முடியாமல்தான் தவிக்கிறார்" என்பார்கள். உண்மை, அவருக்கும் சிரமம் உண்டு. ஆனால் ஒரே விதி இரண்டு தெருக்களில் ஒரே மாதிரி விழுவதில்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாக 3 கட்டு வீடு வைத்திருப்பவருக்குப் பழுதுபார்க்க அனுமதி கிடைத்தால் போதும், வீடு நிற்கும். குடிசையில் இருப்பவருக்குப் பழுதுபார்ப்பு என்றால் ஓலை மாற்றுவது. அந்தக் குடிசையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் வீடு எழுப்புவதைச் சட்டம் பழுதுபார்ப்பு என்று ஏற்காது. ஒருபக்கம் 2030-க்குள் குடிசையில்லா தமிழ்நாடு என்று சொல்லி, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது மாநில அரசு. அதே குடிசை 100 மீட்டருக்குள் இருந்துவிட்டால், பணம் வந்தாலும் கட்ட வழியில்லை. 1992-இல் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே உறையவைப்பதுதான் இந்த விதி. 1992-இல் நாம் எங்கே எப்படி இருந்தோம் என்று நமக்குத் தெரியும்.

இதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. பொதுக் கழிப்பறை, வடிகால், பொதுக் குடிநீர், மின்விநியோகம் ஆகியவற்றுக்கான பணிகள் 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குள் வராது. நல்ல விலக்குதான். ஆனால் நம் வீட்டுக் கொல்லையில் புதிதாக எழுப்பும் கழிப்பறையை அந்த விலக்கு பெயர் சொல்லிக் காப்பதில்லை. சுற்றுலாப் பயணிக்கு வசதி வேண்டும் என்று நினைத்துப் பார்த்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த பெண் இருட்டும்வரை காத்திருப்பதை ஏன் நினைத்துப் பார்க்கவில்லை?

'சொந்தக்காரர்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அதன் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. மாமல்லபுரம் அமைந்துள்ள அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரி மனைகளும் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தன என்பதை அது வெளிச்சமிட்டது. கூலி கேட்டால், வேறு இடம் போக நினைத்தால், குடிசையைக் காலி செய் என்று மிரட்டலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்களும் பின்னால் எப்படிக் கைமாறின என்பது தனிக்கதை. மிராசுதாரர் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை அவருக்கே சொந்தம் என்று சொல்லும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. 1971-க்கும் 1992-க்கும் இடையே 21 ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக மனையுரிமை மறுக்கப்பட்டவர்கள் அந்த 21 ஆண்டுகளுக்குள் பட்டா வாங்கி, கல்வீடும் கட்டி, அதற்கு ஆவணமும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் இருக்கும் நம் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு வைக்கும் பெயர் ஆக்கிரமிப்பாளர்.

சேரி எப்போது ஆக்கிரமித்தது? பதிலைப் பாரம்பரியச் சின்னத்தின் சுவரிலேயே படிக்கலாம். 1010-இல் முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தர விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. வரி விதிக்கப்படாமல் கழிக்கப்பட்ட நிலங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு ஆகியவையும் அங்கே வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சேரி அங்கே இருந்தது என்பதற்கும், அன்றே நம்மைத் தள்ளி வைத்திருந்தார்கள் என்பதற்கும் அரசனே வெட்டிவைத்த சாட்சி இது. அந்தக் கல்வெட்டு உலகப் பாரம்பரியம். அதில் பெயர் உள்ள சேரிகளின் வாரிசுகளுக்கு மட்டும் இன்றும் பட்டா கேள்விக்குறி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் பெருங்கற்காலப் புதைகுழிகள் பலவற்றுக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பும் 100 மீட்டர் எல்லையும் உண்டு. அது சரிதான். அதே தமிழ்நாட்டில்தான் நம் பிணத்தை எடுத்துப்போகப் பாதை கேட்டு இன்றும் போராடுகிறோம்.

அடுத்தது பட்டியல். எது காக்கத்தக்கது என்று முடிவு செய்வது யார், எந்த அளவுகோலால்? மத்தியச் சட்டப்படி ஒரு சின்னம் குறைந்தது 100 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். நகரங்களின் பட்டியல்களில் கட்டடக்கலை அழகும் முகப்பும் முன்னுக்கு வருகின்றன. சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 கட்டடங்கள் இடம்பெற்றன. நீதிமன்றம், கல்லூரி, தேவாலயம், மாளிகை என்று நீளும் அந்த வகைக் கட்டடங்கள் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் ஓடு வேயக்கூடாது, மாடி எடுக்கக்கூடாது என்று பல ஊர்களில் ஊர்க்கட்டுப்பாடு போட்டு நம்மை ஓலைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஓலை நூறாண்டு நிற்காது. கல்லில் கட்டவிடாமல் தடுத்துவிட்டு, கல்லில் கட்டியது மட்டும்தான் பாரம்பரியம் என்று அளந்தால், நம் வரலாறு எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை.

1921-இல் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்ட புளியந்தோப்பு எந்தப் பட்டியலில் வரும்? அயோத்திதாசப் பண்டிதருக்கு 2023-இல் கிண்டியில் மணிமண்டபம் திறந்தார்கள், மகிழ்ச்சி. அவர் 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்திய இராயப்பேட்டைத் தெருக்களை எங்கே தேடுவது? ஜார்ஜ் டவுன் பற்றிய பழைய ஆவணங்களில் 'பெரிய பறச்சேரி' என்ற குடியிருப்பு வருகிறது. இன்று பாரம்பரிய நடை என்று ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். எரிந்துபோன குடிசைக்கு முகப்பும் இல்லை, கட்டடக்கலையும் இல்லை. நூறு ஆண்டுக் கணக்கென்றால் அந்த இடம் 2068 வரை காத்திருக்க வேண்டும்.

கட்டடமே இருந்தாலும் காப்பாற்றுவார்களா என்பதற்கு மும்பை ஒரு பாடம். நகர அளவில் பாரம்பரிய விதிகளை நாட்டில் முதன்முதலாகக் கொண்டுவந்த நகரங்களில் ஒன்று மும்பை, 1995-இல். அதே நகரத்தின் தாதரில், அண்ணல் அம்பேத்கரோடு தொடர்புடைய அம்பேத்கர் பவனையும் புத்த பூஷண் அச்சகத்தையும் 2016 ஜூன் 25 அன்று இருட்டோடு இருட்டாக இடித்துத் தள்ளினார்கள். பழுதடைந்த கட்டடம் என்பது சொன்ன காரணம். அடுத்த மாதம் மும்பைத் தெருக்களில் பெருந்திரளாக மக்கள் இறங்கினார்கள். விதிப்புத்தகம் காக்காததற்கு மக்கள்தான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

"விதியைத் தளர்த்தினால் ரியல் எஸ்டேட்காரர்கள் புகுந்துவிடுவார்கள்" என்பது அடுத்த மறுப்பு. அந்தப் பயம் நமக்கும் உண்டு. மதிப்புள்ள இடத்தில் விதி தளர்ந்தால் முதலில் விரட்டப்படுவது நாம்தான். ஆகவே விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் தளர்வு கேட்டது இதுவரை யார்? 100 மீட்டருக்குள் மத்திய அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்க ஒரு திருத்த மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. சாலைக்கும் பாலத்துக்கும் விலக்கு தேட ஒரு மசோதாவே வந்தது. அதே எல்லைக்குள் 360 சதுர அடி வீட்டுக்கு விலக்கு கேட்டு அப்படி ஒரு மசோதாவை எந்த அரசு கொண்டுவந்தது?

இதை மாற்ற ஒரு வாசல் சட்டத்திலேயே இருக்கிறது. 20-இ பிரிவின்படி ஒவ்வொரு சின்னத்துக்கும் அந்தந்த இடத்துக்கேற்ற பாரம்பரியத் துணைவிதிகள் எழுதப்பட வேண்டும். வீட்டின் உயரம், முகப்பு மட்டுமல்ல, வடிகால், சாலை, மின்கம்பம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் அதில் அடங்கும். அதாவது நம் தெருவில் தண்ணீர் எப்படி வரும், சாக்கடை எப்படிப் போகும் என்பதையெல்லாம் எழுதப்போகும் விதி அது. இன்டாக் போன்ற நிபுணர் அமைப்புகளோடு கலந்து எழுத வேண்டும் என்கிறது சட்டம். கல்லை அறிந்தவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களையும் உட்கார வைக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: எந்தத் துணைவிதியும் எழுதும் முன் 300 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடுக்க வேண்டும். குடிசையா கல்வீடா, பட்டா உண்டா, கழிப்பறை உண்டா, எந்தச் சமூகத்தினர் என்பது பதிவாக வேண்டும். வரைவைத் தமிழில் அச்சிட்டு, சேரியில் கூட்டம் போட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: 20-சி பிரிவைத் திருத்தி, உள் வட்டத்திலும் அனுபவத்தில் இருப்பவர் விண்ணப்பிக்க வழி செய்ய வேண்டும். இருக்கும் குடிசையின் இடத்தில் ஒரு தள வீடும் ஒரு கழிப்பறையும் கட்டுவதைப் புதிய கட்டுமானமாகக் கருதக் கூடாது.

மூன்று: பாரம்பரியத்தின் பெயரால் யாரையும் வெளியேற்றக் கூடாது. தவிர்க்கவே முடியாத இடத்தில், அதே ஊரில், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில், பட்டாவோடு மனை கொடுத்த பிறகே கைவைக்க வேண்டும். இன்னொரு கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நமக்கு வேண்டாம்.

நான்கு: மாநிலப் பாரம்பரிய ஆணையத்திலும் நகரங்களின் பாரம்பரியக் குழுக்களிலும் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒப்புக்கு ஒருவர் என்று உட்கார வைப்பது போதாது.

ஐந்து: கட்டடக்கலையோடு வரலாற்று நிகழ்வையும் அளவுகோலாக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு நினைவுச்சின்னத்தை மட்டும் சொல்லவில்லை, வரலாற்று முக்கியத்துவம் உள்ள 'இடத்தை'யும் சொல்கிறது. புளியந்தோப்பும் வெண்மணியும் இடங்கள்தான்.

தோழர்களே, உங்கள் ஊரில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை இருந்தால், அங்கிருந்து நம் தெரு எத்தனை மீட்டர் என்று முதலில் அளந்து பாருங்கள். அந்தச் சின்னத்துக்குத் துணைவிதி வந்துவிட்டதா, வரைவு நிலையில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1992-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை எது கையில் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள், நகல் எடுத்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் போடுங்கள். வரைவு வந்த பிறகு ஓடுவதைவிட, அதற்கு முன்பே நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.