கழித்தல் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. தேவாலாவில் ஆடி மாதத்தில் மழை விடுவது என்றால் சாரலாகக் குறைவது என்று பொருள். மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனேன். பழைய நண்பர் ஒருவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், கிட்னிக்கு என்ன சாப்பிடுறீங்க? எங்க மச்சானுக்கும் கிரியாட்டினின் ஏறிடுச்சாம். நல்லதா ஏதாவது சொல்லுங்க."

நடுவீதியில் நின்று பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் நண்பர் மேல் இல்லை. "என்ன சாப்பிடுவது?" என்று மட்டுமே கேட்க நம்மைப் பழக்கிவைத்திருப்பவர்கள் மேல்.

புதியவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, மாஹேயிலும் சில ஆண்டுகள் குப்பை கொட்டி, 36 ஆண்டுகள் கழித்து யு.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். மகளுக்கு இந்தப் பக்கம் வேலை என்பதால் 2010-இல் மனைவியோடு மலையேறி வந்தவன். ரத்த அழுத்தம் பணிக்காலத்திலேயே வந்துவிட்டது. சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது 2016-இல். கிரியாட்டினின் 1.6. "பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் வேலை செய்யுது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார் மருத்துவர்.

இதில் முதல் பாடம், பாதி போகும்வரை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது. வலி இல்லை, வீக்கம் இல்லை. சிறுநீரகம் கடைசிவரை வாயைத் திறக்காது. கிரியாட்டினினும் ஏறக்குறைய பாதி வேலை போன பிறகுதான் எல்லையைத் தாண்டிக் காட்டும். அதற்கு முன்பே துப்புச் சொல்வது சிறுநீரில் ஒழுகும் புரதம்.

பிரெஞ்சில் பத்திய உணவுக்குச் சொல் 'ரெழீம்'. அரசாங்கத்தின் ஆட்சிமுறைக்கும் அதே சொல்தான். சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது புரிகிறது. ஆட்சி என்பது ஒருநாள் திருவிழா அல்ல, தினசரி நிர்வாகம். பத்தியமும் அப்படியே.

இந்த நோய்க்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த புத்திமதியும் அல்ல. டைபாய்டு சந்தேகம் என்றால் ரத்தம் எடுத்து 'விடால் டெஸ்ட்' செய்வார்களே, நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். விடால் என்பது பாரிஸ் மருத்துவர் ஒருவரின் பெயர், ஃபெர்னான் விடால். அந்தச் சோதனையை அவர் சொன்னது 1896-இல். அவரே 1903-இல், உடம்பு வீங்கிக் கிடந்த சிறுநீரக நோயாளிக்கு உப்பைக் கொடுத்தும் நிறுத்தியும் எடை போட்டுப் பார்த்தார். உப்புக் கொடுத்தால் நீர் கோத்து எடை ஏறியது. நிறுத்தினால் வடிந்தது. நூற்றிருபது வருடப் பழைய செய்தி. ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றுதான் பழமொழி பேசுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், பேக்கரி வர்க்கி, மிக்சர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். என் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் ஒரு சின்ன டப்பாவில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரைத் தேக்கரண்டி உப்பை எடுத்து வைப்பாள். அன்றைய சமையல் முழுக்க அந்த டப்பாவிலிருந்துதான். தீர்ந்தால் தீர்ந்தது. காரைக்கால்காரனுக்கு மழைக்காலத்தில் சுடுகஞ்சியும் சுட்ட கருவாடும் இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு மாதம் சோறு மண்ணாக இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது. இப்போது ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

2018-இல் ஒரு நண்பர் நிலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, நாடுகாணி வழியாகத் திரும்பும்போது ஒரு பை நிறைய இரும்பன் புளி கொண்டுவந்தார். மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அந்தப் புளிப்புக் காய். பிலிம்பி என்றும் சொல்வார்கள். "சாறு பிழிஞ்சு வெறும் வயித்துல குடிங்க, கொழுப்பு கரையும், ரத்தம் சுத்தமாகும்" என்றார். காசு கேட்கவில்லை, அன்பாகக் கொடுத்தார். குடித்தேன். ஒன்பது நாள் குடித்தேன். பத்தாம் நாள் வாந்தி, சிறுநீர் குறைந்தது. பரிசோதித்தால் கிரியாட்டினின் 2.9.

மருத்துவர் திட்டவில்லை. என்ன குடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கேரளத்தில் இதே சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2013-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. காரணம் அந்தக் காயில் நிறைந்திருக்கும் ஆக்சலேட். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். அதன் தம்பியான நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூளையையே பாதித்து, ஓயாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று கொண்டுபோகும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதே பழத்தைத் தின்றுவிட்டு விளையாடப் போகும். நமக்கு அது நஞ்சு.

எனக்கு டயாலிசிஸ் இல்லாமல் இறங்கியது, ஆனால் 2.1-க்கு வந்து நின்றுவிட்டது. பழைய 1.6 திரும்பவே இல்லை. இரண்டு வருடம் உப்பை எண்ணிச் சேர்த்ததை ஒன்பது டம்ளரில் தொலைத்தேன். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "ஏங்க, நான் டப்பாவுல அளந்து அளந்து போட்டது எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்த நோயில் நமக்கு நல்லது செய்வதெல்லாம் பெரும்பாலும் கழித்தல். உப்பைக் கழி, வலி மாத்திரையைக் கழி, புகையைக் கழி, இனிப்பைக் கழி. கெடுதல் செய்வதெல்லாம் சேர்த்தல். சாறு சேர், பொடி சேர், வேர் சேர், கஷாயம் சேர். கழித்தலை யாராலும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை. செல்போனில் வருகிற வீடியோ ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறதே தவிர, "நேற்று தின்ற ஊறுகாயை இன்று விடு" என்று சொல்வது அபூர்வம்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் அதற்கும் ஒரு சரக்கு வைத்திருக்கிறார்கள், 'சோடியம் குறைந்த உப்பு'. மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு வாங்கிப்போகும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்ததுதான். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், வாங்கி வருபவர் அல்ல.

வலி ஊசிக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குக் கீழே உள்ள லைன் வீட்டில் ஓர் அம்மா. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நாற்பது வருடம் கூடை சுமந்து கொழுந்து பறித்த முதுகு. வலி தாங்காமல் வாரம் இரண்டு ஊசி, இடையில் மாத்திரை என்று வருடக் கணக்கில் போட்டுக்கொண்டார். இப்போது டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் பேருந்தில் போய் வருகிறார். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காசு இல்லாமல் நடக்கிறது, நல்லது. ஆனால் போன வாழ்க்கை? "ஏன் இவ்வளவு ஊசி போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "ஊசி போட்டாத்தானே அண்ணே மறுநாள் கொழுந்து எடுக்க முடியும்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பென்ஷன் வாங்கும் என்னைப் போன்றவனுக்குக் கழிப்பது எளிது. அன்றாடக் கூலிக்கு அது எளிதல்ல. ஆகவே என் கோபம் ஊசி போட்டுக்கொண்டவர் மேல் இல்லை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் போட்டுவிட்டவர்கள் மேல்.

எங்களுக்கு அடுத்த முதுமலை, மாயாறு பக்கம் பாறுக் கழுகுகள் உண்டு. இந்தியா முழுதும் அவை ஏன் அழிந்தன தெரியுமா? மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2004-இல் இது வெளிவந்து, 2006-இல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதன் கழுகு அல்ல, ஒரு மாத்திரையில் சாகமாட்டான். அவசரத்துக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதை மாதக் கணக்கில் கொடுப்பது, இருக்கிற கொஞ்சத்தையும் துடைத்தெடுப்பதுதான். கழுகின் சிறுநீரகத்துக்காகச் சட்டம் போட முடிந்த நாட்டில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிறுநீரகத்தைப் பற்றி மருந்துக் கடையில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

"உணவே மருந்து என்கிறார்களே" என்பீர்கள். பாதிதான் உண்மை. நான் சேர்த்துக்கொள்ளும் ஒரே பொருள் ரத்த அழுத்த மாத்திரை. "மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்று அதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் இருவர் இன்று இல்லை. அந்த மாத்திரை கெடுப்பதல்ல, காப்பது. சென்னையில் டாக்டர் எம்.கே. மணி தம் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீடுவீடாக அனுப்பி, ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் செய்தார். மிக மலிவான மாத்திரைகளாலேயே சர்க்கரையையும் அழுத்தத்தையும் அடக்க முடியும் என்று நிரூபித்தார். இன்று மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் அரசே மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு இரும்பன் புளி குடித்தால் அரசு என்ன செய்யும்?

கழித்தலிலும் அளவு உண்டு. நோய் என்று தெரிந்ததும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டு, எலும்பும் தோலுமாகப் போனவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்காத நிலையில், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். அது பட்டினி அல்ல. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதைவிட அதிகம் வேண்டும். காய்கறியை வேகவைத்து நீரை வடிப்பதும் பழத்தைக் குறைப்பதும் பொட்டாசியம் ஏறியவருக்கு மட்டும். தண்ணீரும் அப்படித்தான். ஒருவருக்கு அதிகம் குடிக்கச் சொல்வார்கள், வீக்கம் உள்ளவருக்குக் குறைக்கச் சொல்வார்கள். அடுத்தவர் சீட்டைப் பார்த்து நாம் பத்தியம் இருக்கக் கூடாது.

நண்பரே, கடைவீதியில் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். உங்கள் மச்சானை அடுத்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். என்னென்ன மாத்திரை, பொடி, சாறு சாப்பிடுகிறார் என்பதை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தங்கச்சியிடம் ஒரு சின்ன டப்பாவும் ஒரு தேக்கரண்டியும் கொடுங்கள்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கிரியாட்டினின் 2.2. ஏழு வருடத்தில் 0.1 தான் ஏறியிருக்கிறது. அந்தப் புள்ளி ஒன்றைக் கேட்டதும் என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அன்றைக்கு டப்பாவில் இருந்த உப்பில் கால் கரண்டியை எடுத்து மறுபடி ஜாடியில் கொட்டினாள். ரசம் சப்பென்றுதான் இருந்தது. குடித்தேன்.