ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடா?

சென்ற வாரம் மேனாம்பேட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போனால், ஒரே ரகளை! "தம்பி கேம் கன்சோலைப் போட்டாலே என் கம்ப்யூட்டர்ல நெட் போயிடுது, அத்தை! நாளைக்கு இன்டர்வியூ" என்று பெண் அழாத குறை. கன்சோலைப் பரண்மேல் போட நாத்தனார் தயார்!

கம்ப்யூட்டர் திரையில் 'ஐ.பி. கான்ஃப்ளிக்ட்' என்று வந்திருந்தது. சகோதரிகளே, ரூட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் தருகிறது. அதுதான் ஐ.பி. முகவரி. பையனின் நண்பன் கன்சோலில் 192.168.1.5 என்று நிரந்தரமாகப் பதித்திருந்தான். ரூட்டர் அதையே கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் பாவம், என்ன செய்வார்?

கைமருந்து இதுதான். கன்சோலின் நெட்வொர்க் செட்டிங்கில் ஐ.பி. முகவரியை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூன்றையும் அணைத்துவிட்டு, முதலில் ரூட்டரைப் போடுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து மற்ற இரண்டையும் போடுங்கள். காலணா செலவில்லை!

மறுநாள் நாத்தனார் போன் செய்தார். அக்காவுக்கு இன்டர்வியூ நல்லபடி நடந்ததாம். பக்கத்து அறையில் தம்பியும் விளையாடிக்கொண்டிருந்தானாம், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு!