ஆராய்ச்சி வாயிலில் இருமொழிக் காவல்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்கே இசுலாமியர்கள் தர்காவின் சார்பில் மரியாதை செய்கின்றனர். பக்தருக்கு அது திருவிழா. பகுத்தறிவாளராகிய நமக்கோ அது வரலாற்று வினா! இந்த உறவு எப்போது பிறந்தது? எந்த நிலம், எந்த வரி, எந்த வணிகம் அதனைத் தாங்கி நின்றது? தலபுராணத்தைப் புரட்டினால் விடை கிட்டாது. கல்வெட்டையும் ஆவணத்தையும் புரட்டவேண்டும். அப்பணிக்கு, அவ்வட்டாரத்திலே பிறந்து, தமிழ்வழியிலே பயின்று, வரலாற்றில் முதுகலை முடித்த இளைஞனைவிடத் தக்கார் யார்?

ஆனால், ஆராய்ச்சிக்கு முன் அரிசி வேண்டுமே! ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி நூலகத்தில் அமர நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையால் முடியும். நடவு நட்டுப் பட்டம் வாங்கித் தந்த தாயின் மகனால் முடியுமா? அதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை தருகிறது. 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பிச்சையல்ல அது, மக்களின் வரிப்பணம்! 1913-இல் பரோடா மன்னர் மாதம் 11.50 பவுண்டு அளிக்க முன்வராதிருந்தால், அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் படியேறியிருப்பாரா?

அந்தத் தொகைக்கு வாயில், நெட் தேர்வு. 3 மணி நேரம், 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அது போதாதென்று, 2024 மார்ச்சில், முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணையே அளவுகோலாக்கினர்: தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30.

வாயிலில் காவல் நிற்பவை இரண்டு மொழிகள். மொழிப்பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! வரலாறு தமிழில் இல்லை. பொருளியல் தமிழில் இல்லை. ஏன், தமிழ் இலக்கியத்தையே பாடமாகக் கொண்டவனுக்குங்கூட, எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் தமிழில் இல்லை!

"ஆராய்ச்சியாளனுக்கு ஆங்கிலம் வேண்டாமா?" என்பர் மேதாவிகள். வேண்டும், யார் மறுத்தது? ஆனால், ஆங்கிலம் இன்றியமையாதது என்பதுதான் காரணமெனில், அங்கே இந்திக்கு என்ன வேலை? தாய்மொழியில் எழுதுவோருக்கு வழிவிடுவது நீதி என்பதுதான் காரணமெனில், தமிழ் செய்த குற்றம் என்ன? இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும் டில்லி! காசியிலே பிறந்தவன் வீட்டுமொழியில் வினாவைப் படித்து விடையைத் தேடுகிறான். நம் தம்பியோ வினாவின் பொருளைத் தேடுவதிலேயே நேரத்தைப் பறிகொடுக்கிறான். பின்னர் பட்டியலைக் காட்டித் தகுதி என்கிறார்கள், திறமை என்கிறார்கள்!

மொழிபெயர்ப்பது கடினம் என்பார்களோ? இதே தேசியத் தேர்வு முகமைதான் நீட் தேர்வை 13 மொழிகளில் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. (நீட்டை நாம் ஏற்கவில்லை, அது தனி வழக்கு.)

அந்த முதல் தாளில் கேட்பதென்ன? 'இந்தியத் தர்க்கம்' என்றொரு பகுதி. பிரத்தியட்சம், அநுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அநுபலப்தி என ஆறு பிரமாணங்கள். இது மீமாம்சகரும் அத்வைதிகளும் கொண்ட கணக்கு! காட்சி ஒன்றே போதுமென்ற உலகாயதரும், காண்டல், கருதல் என இரண்டோடு நின்ற மணிமேகலையின் பௌத்தமும் இந்த மண்ணில் பிறந்தவை அல்லவா? வணிகவியல் படித்தவனும் வேதியர் கணக்கை ஒப்பித்தால்தான் உதவித்தொகையா?

வெளிநாட்டிலேனும் பயிலலாமென்றால், பட்டியல் சாதியினர், நிலமற்ற உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையிலிருந்து, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை 2022-இல் விலக்கிவிட்டார்கள். கிள்ளைத் தர்காவைப் பற்றி ஆராய அந்த வழியும் அடைபட்டது. சாதியை ஆராயத் துடிப்பவனுக்கும் அதே கதிதான்!

அடுத்த தேர்வு அறிவிப்பு வருமுன், நெட் வினாத்தாள் தமிழிலும் வேண்டுமெனக் கல்லூரி மன்றங்கள் தோறும் தீர்மானம் நிறைவேற்றி மானியக் குழுவுக்கு அனுப்புங்கள், தோழர்களே! நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையிலே கேட்கட்டும். தீர்மானம் தமிழிலேயே இருக்கட்டும். மொழிபெயர்த்துப் படிக்கும் சுமையை ஒருமுறை டில்லியும் சுமக்கட்டுமே!