255 நிமிடத்தில் 30

சேலையூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாலை. 72 வயது மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிடுகிறார். இடுப்பில் கடும் வலி, காலை அசைக்க முடியவில்லை, நெற்றியில் லேசான வீக்கம். நினைவு தெளிவாக இருக்கிறது. மருமகள் 108-ஐ அழைக்கிறார். இரவு 8.10-க்கு ஆம்புலன்ஸ் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வந்து நிற்கிறது.

மருமகளுக்கு சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை. லைன் சூப்பர்வைசர். ஒரு சட்டைக் காலர் எந்த மெஷினில் எத்தனை வினாடி நிற்கிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. பழக்க தோஷம், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறிக்க ஆரம்பிக்கிறார்.

8.35-க்கு டூட்டி டாக்டர் வந்து ஐந்து நிமிடம் பார்க்கிறார். 8.40-க்கு நர்ஸ் வலிக்கு ஊசி போட்டு, மருந்து ஏற்றுகிறார். இன்னொரு ஐந்து நிமிடம். எக்ஸ்ரேயும் தலைக்கு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தாயிற்று. ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. 9.25-க்குத்தான் ஸ்கேன் அறைக்குள் போகிறார்கள். பத்தே நிமிட வேலை. பிறகு ரிப்போர்ட் வர வேண்டும். ரிப்போர்ட் வந்தபோது எலும்பு டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். 10.40-க்கு வந்து, பத்து நிமிடம் பார்த்து, “இடுப்பெலும்பில் முறிவு, அட்மிட் பண்ணிடலாம்” என்கிறார். மேலே வார்டில் படுக்கை காலியாக இல்லை. ஸ்ட்ரெச்சர் அசைந்தபோது மணி நள்ளிரவு 12.25.

நடுவில் மாமியார் கேட்ட கேள்விதான் இங்கே முக்கியம். “ஏம்மா, டாக்டர்தான் பார்த்துட்டாரே, இன்னும் எதுக்குக் காத்திருக்கோம்?”

“எதுக்குன்னுதான் அத்தை நானும் எழுதிட்டிருக்கேன்” என்கிறார் மருமகள்.

சீட்டின் பின்பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால், மொத்தம் 255 நிமிடம். அதில் மருத்துவம் என்று நடந்தது டாக்டர் 5, ஊசி 5, ஸ்கேன் 10, எலும்பு டாக்டர் 10, ஆக 30 நிமிடம். மீதி 225 நிமிடமும் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் சும்மா கிடந்த நேரம்.

இது மாதிரிக் கணக்குதான். ஊருக்கு ஊர், ராத்திரிக்கு ராத்திரி எண்கள் மாறும். ஆனால் இப்படி ஒரு நோயாளியோடு கூடவே நடந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தைக் குறித்துப் பார்ப்பதுதான் அவசர சிகிச்சைப் பிரிவின் தாமதத்தைக் குறைக்க நினைக்கிற நிர்வாகிகள் உலகம் முழுக்கச் செய்கிற முதல் வேலை. அப்படிப் பார்த்தவர்கள் சந்திக்கும் முதல் அதிர்ச்சி, டாக்டரோ நர்ஸோ மெதுவாக வேலை செய்வதில்லை என்பது. உறவினர்களின் கோபம் முழுக்க எதிரே நிற்கிற அந்த இளம் டூட்டி டாக்டர் மேல் பாய்கிறது. அவர் கையிலிருந்து போனது வெறும் ஐந்து நிமிடம்.

தாமதம் கைகளில் இல்லை, கை மாறும் இடத்தில் இருக்கிறது. இந்தப் பார்வையோடு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், உயிர் காத்த பல சீர்திருத்தங்கள் புது மருந்தோ புது மெஷினோ அல்ல. வாசலுக்கும் சிகிச்சைக்கும் நடுவில் நின்ற ஒரு படியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்ததுதான்.

முதல் படி போலீஸ். ஸ்கூட்டரில் போனவர் காரில் அடிபட்டு, அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். “இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்க முடியாது” என்று 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துபோனார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்திதான் பரமானந்த் கட்டாரா வழக்கானது. முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறைகள் அப்புறம் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதம் ஒழிக்கப்படவில்லை. சிகிச்சைக்கு முன்னால் இருந்தது பின்னால் போனது, அவ்வளவே.

அடுத்த படி பணம். நள்ளிரவில் கேஷ் கவுன்ட்டர் முன்னால் நின்று, சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு முன்பணம் திரட்டிய அனுபவம் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18-ம் தேதி தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை எல்லோரும் உதவித்தொகைத் திட்டமாகத்தான் பேசுகிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமில்லாச் சிகிச்சை. தொடக்கத்தில் வரம்பு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் லாரியும் பேருந்தும் பைக்கும் முட்டி மோதுகிற பகுதிக்கு இந்தத் திட்டம் தருகிற பெரிய லாபம் ரூபாய் மட்டும் இல்லை. கேஷ் கவுன்ட்டர் என்ற நிறுத்தமே வழியிலிருந்து விலகிவிடுகிறது.

மூன்றாவது, யாரை முதலில் பார்ப்பது என்ற படி. வரிசை என்றால் முன்னால் வந்தவர் முன்னால் என்பதுதான் நம் நியாயம். ரேஷன் கடையில் அதுதான் சரி. அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த நியாயம் ஆளைக் கொன்றுவிடும். நெப்போலியனின் படையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் தீவிரத்தைப் பார்த்து வீரர்களை வரிசைப்படுத்தினார். சிப்பாய்க்குக் காயம் பெரிதென்றால், சிறு காயத்தோடு வந்த தளபதி காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் இன்று வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது அந்த வழியில் வந்ததுதான். சிவப்பு என்றால் உடனடி ஆபத்து. மஞ்சள், சற்று பொறுக்கலாம், ஆனால் கவனிப்பிலேயே இருக்க வேண்டும். பச்சை, காத்திருக்கலாம். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகளுக்கான அவசரம் என்று ஆறு வகைக்கும் தனித்தனி நடைமுறை இந்தத் திட்டத்தில் உண்டு.

“எங்களுக்குப் பின்னாடி வந்தவங்களை உள்ளே கூப்பிட்டுட்டாங்க” என்ற சண்டை இங்கேதான் கிளம்புகிறது. அதில் பாதி நியாயமும் இருக்கிறது. ஏன் காத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லாவிட்டால் பத்து நிமிடம்கூட ஒரு மணி நேரமாகத் தெரியும். கையில் சின்ன வெட்டு, காய்ச்சல் என்று வருகிற பச்சைக்காரர்களைத் தனி அறையில், தனி டாக்டர் பார்த்து அனுப்பினால் அவர்களும் சீக்கிரம் வீடு போவார்கள், உள்ளே கூட்டமும் குறையும்.

படியை நகர்த்துவது எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதற்கு மாரடைப்பு நல்ல உதாரணம். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லாசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய ‘ஸ்டெமி’ திட்டம், 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதுவரை என்ன நடந்தது? சிறிய மருத்துவமனைக்கு வருவார்கள். “இங்கே வசதி இல்லை” என்பார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கே மறுபடி சீட்டு, மறுபடி ஈ.சி.ஜி., எல்லாம் ஆரம்பத்திலிருந்து. ஒவ்வொரு வாசலிலும் மருத்துவமனையின் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் திட்டத்தில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள். ஈ.சி.ஜி. முதலில் பயணம் செய்தது, நோயாளி பிறகு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிறிய மருத்துவமனையிலேயே போட்டுவிட்டு, ஆஞ்சியோகிராமுக்குப் பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவிகிதத்திலிருந்து சுமார் 61 சதவிகிதமானார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தார்கள். இந்த ஊசியும் ஆஞ்சியோகிராமும் முன்பே இருந்தவைதான்.

மறுபடி சேலையூர் மாமியாரிடம் வருவோம். அவருடைய 225 நிமிடக் காத்திருப்பில் பெரிய துண்டு எது? டாக்டருக்குக் காத்திருந்தது 25 நிமிடம். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாமல் 40. ரிப்போர்ட்டுக்கும் எலும்பு டாக்டருக்கும் சேர்த்து 65. கடைசியாகப் படுக்கைக்கு 95. அதாவது முட்டுக்கட்டை முன்வாசலில் இல்லை, கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் தண்ணீர் வடிய வேண்டிய குழாய் மேல்மாடி வார்டில் அடைத்துக்கொண்டிருக்கிறது.

அடைப்பை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்தது, ‘லிட்டில் விதி’ என்றே பெயர். மணிக்கு 8 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 4 மணி நேரம் தங்குகிறார்கள் என்றால், உள்ளே எந்நேரமும் ஏறத்தாழ 32 பேர் இருப்பார்கள். தங்கும் நேரம் 3 மணியானால் 24 பேர். ஒரு கட்டில்கூட வாங்காமல், ஒரு சுவரைக்கூட இடிக்காமல் எட்டு இடம் கிடைத்துவிடுகிறது. மெப்ஸ் மருமகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லைனில் தேங்கிக் கிடக்கும் காலர்களைப் பார்த்தே அவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் நேரத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்று ஒரு இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் கணக்கைப் பார்த்தால், நான்கு மணியாவதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய கூட்டம் அவசர அவசரமாக வார்டுக்கோ வீட்டுக்கோ நகர்ந்திருந்தது. கடிகாரத்துக்குப் பயந்து வேலை செய்வதும் நோயாளிக்காக வேலை செய்வதும் ஒன்றல்ல.

தென்சென்னைப் புறநகருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். வெகுகாலமாகப் பெரிய அவசரம் என்றால் வடக்கே 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனை, இல்லையென்றால் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு. நடுவில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. 2025 ஆகஸ்ட்டில் தாம்பரம் சானடோரியத்தில் புதிய அரசுத் தலைமை மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். தூரம் என்ற படி பலருக்குக் குறைந்திருக்கிறது. இனி அந்தப் படுக்கைகள் எந்த நேரத்தில் காலியாகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஏனென்றால் படுக்கை காலியாகும் நேரத்துக்கும் தேவைப்படும் நேரத்துக்கும் எப்போதும் பொருந்துவதில்லை. காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் “வீட்டுக்குப் போகலாம்” என்று டாக்டர் சொல்லிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆக வேண்டும். மருந்துக்கடை பில் வர வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வர வேண்டும். இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் விதி போட்டிருக்கிறது. இவை மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் சரிசெய்ய வேண்டியவை. முதல் நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

மீதி நம் பக்கம். பையைக் கட்டிவிட்டு, வண்டி கொண்டுவர வேண்டிய மகனுக்காகக் காத்திருப்பது. “இன்னிக்கு அஷ்டமி, நாளைக்குப் போலாமே” என்று டாக்டரிடமே கேட்பது. வரும்போதும் நாம் குறைக்கக்கூடிய நிமிடங்கள் உண்டு. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை ஒரே வரியில் சொல்ல முடிந்தால் நல்லது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நான்கரை மணி நேரம்தான் அவகாசம். “காலையிலேர்ந்தே ஒரு மாதிரி இருந்தார்” என்ற பதிலை வைத்துக்கொண்டு டாக்டர் எதுவும் முடிவுசெய்ய முடியாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே ஒரு கவரில் போட்டுக் கொண்டுவரலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்று தெரிந்தால், தலையில் அடிபட்ட அந்த மாமியார் மஞ்சளிலிருந்து சிவப்புக்கே மாறியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை. மாமியாருக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகள் நடக்கின்றன. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் காலையிலேயே டிஸ்சார்ஜ் சொல்லியாயிற்று. பில், சம்மரி எல்லாம் மூன்று மணிக்குக் கைக்கு வந்துவிட்டன. பூ வைத்து, புடவை மாற்றி, செருப்பும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

“கிளம்பலையாம்மா?” என்று கேட்கிறார் மருமகள்.

“ராகு காலம். நாலரைக்கு மேல போலாம்னு இவர் சொல்லிட்டார்.”

மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று ஐந்து. கீழே வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் சைரன் அடங்குகிறது.