மூவாயிரம் பேர் இல்லாத கல்லூரிகள்

நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாமலேயே 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கையில் ஓர் எண் உண்டு. 2040ஆம் ஆண்டுக்குள் உயர்கல்வி நிறுவனங்கள் யாவும் பல்துறை நிறுவனங்களாக மாற வேண்டும். ஒவ்வொன்றும் மூவாயிரமோ அதற்கு மேலோ மாணவர்களைக் கொண்டிருப்பதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. இக்கொள்கையின் மொழித் திணிப்பு குறித்தும் வகுப்புவாத உள்ளடக்கம் குறித்தும் நாடெங்கும் வாதங்கள் எழுந்தன. இந்த எண் மட்டும் சந்தடியின்றிக் கடந்து போயிற்று.

அக்கொள்கை வெளிவந்த காலத்து நிலவரத்தை அரசின் கணக்கே சொல்கிறது. 2019-20ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 42,343 கல்லூரிகள். அவற்றில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவை கிராமப்புறங்களில் உள்ளன. மூவாயிரத்துக்கு மேல் மாணவர் பயிலும் கல்லூரிகள் 4 விழுக்காடு மட்டுமே. நூறு பேர்கூட இல்லாதவை 16.6 விழுக்காடு. ஆக, இந்த அளவுகோலை நீட்டினால் ஏறத்தாழ நாட்டின் கல்லூரிகள் அனைத்தும் குள்ளமானவை. அவற்றுள் முதலில் வெட்டுப்படுவது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பீகாரிலோ ஜார்க்கண்டிலோ கிழக்கு உத்தரப்பிரதேசத்திலோ ஒரு சிற்றூர்க் கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கும் மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளது நாள் கல்லூரி மணியோடு தொடங்குவதில்லை. தண்ணீர், அடுப்பு, மாட்டுத் தீவனம் ஆகியவற்றை முடித்த பிறகே மிதிவண்டியிலோ நெருக்கியடித்த டெம்போவிலோ அவள் வந்து சேர்கிறாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் பெரும்பாலும் அவளே. நடவுக் காலத்தில் வகுப்பறை பாதி காலியாகிவிடும். உடன் பயிலும் இளைஞர்களிற் சிலர் தேர்வு முடிந்த மறுவாரமே சூரத்துக்கோ லூதியானாவுக்கோ ரயிலேறி, அடுத்த தேர்வுக்குத்தான் ஊர் திரும்புவர். நூலகம் இருக்கும், நூலகர் பணியிடம் நிரப்பப்படாமையால் அதன் கதவில் பூட்டும் இருக்கும். பாடநூலின் இடத்தைக் கடைத்தெரு 'கைடு' பிடித்துக்கொள்ளும். பீகாரின் சில பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டம் கைக்கு வர ஐந்தாண்டு ஆன கதையை நாடறியும்.

இத்தனைக்குப் பிறகும் அவள் வருகிறாள். தன் தெருவுக்கு வெளியே, பிற சாதிப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமரும் இடம் அவளுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. தன் பெயர் பொறித்த அடையாள அட்டை அவளிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எழும் திருமணப் பேச்சை மூன்றாண்டு தள்ளிப்போட அது ஒரு காரணம். பட்டம் பெறும் பெண்ணுக்கு 50,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைப் பீகார் அரசு வைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் எட்டுக் கிலோமீட்டரில் இருந்த கல்லூரி நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் 'இணைக்கப்பட்டால்', அந்தத் தொகையைப் பெறும் தகுதியை அவள் எங்கே போய்ப் பெறுவாள்?

உதவித்தொகையின் கதையும் இதுதான். பட்டியல் சாதி மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளில் 59,048 கோடி என்று 2020 டிசம்பரில் பெரும் விளம்பரத்தோடு அறிவித்தார்கள். வீட்டிலிருந்து சென்று இளங்கலை பயிலும் மாணவிக்கு அதில் கிடைக்கும் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. டெம்போக் கட்டணத்துக்கே போதாது. அதையும் பெற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

ஆசிரியர் நிலை வேறென்ன? வடக்கே அவர்களை 'அதிதி ஆசிரியர்' என்பர். விருந்தினர் என்று பொருள். ஆண்டுதோறும் அழைப்புக்குக் காத்திருந்து, பல மாதம் கழித்து ஊதியம் வாங்கும் விருந்தினரை எந்த வீட்டிலும் கண்டதில்லை. இவர்களுக்கு வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்தது. அதனினும் மிகக் குறைந்த தொகையில் பல மாநிலங்கள் காலந்தள்ளுகின்றன.

மாணவர் பேரவை என்பது இக்கல்லூரிகளிற் பலவற்றில் சொல்லளவில்கூட இல்லை. 2006இன் லிங்டோ குழுப் பரிந்துரைகள் வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு விதித்தன. வகுப்புகள் தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தேர்தல் நடத்தவும் சொல்லின. முன்னதைக் காட்டி அடக்கும் நிர்வாகங்களுக்குப் பின்னது மறந்து போகிறது.

இனி, இக்கொள்கை வியந்து போற்றும் 'லிபரல் ஆர்ட்ஸ்' பற்றி ஒரு சொல். தட்சசீலம், நாலந்தா, பாணபட்டரின் காதம்பரி என்று மேற்கோள்கள் அடுக்கப்படுகின்றன. இத்தொடரைத் தமிழில் சிலர் 'தாராளக் கலைகள்' என்று பெயர்த்து விடுகிறார்கள், பிழை. லத்தீனில் அதன் மூலப்பொருள், சுதந்திர மனிதருக்குரிய கலைகள் என்பது. உழைக்கும் அடிமைகள் சூழ, ஓய்வு வாய்த்தவர் கற்ற கல்வி அது. அரியானாவின் சோனிபட்டில் 2014இல் தொடங்கிய அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டுவோர்க்குத் தத்துவமும் இலக்கியமும் இன்று கிடைக்கின்றன. அதே வரலாறும் அரசியலும் நாட்டுப்புறக் கல்லூரியில் கற்பிக்கப்பட்டால் 'வேலைக்கு உதவாத பட்டம்' ஆகிவிடுகிறது! ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ என்னும் ஏற்பாடு, படிப்பை விட நேரும் ஏழைக்கு அதையே தெரிவு என்று பெயரிட்டுக் கொடுக்கிறது.

சிறு கல்லூரிகள் தரமற்றவை என்ற வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உத்தரப்பிரதேசத்தின் சுயநிதிக் கல்லூரிகளிற் பல வெறும் தேர்வு மையங்களே. கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தாத முதலாளிகளை எவரும் காக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரையும் நூலகரையும் நியமிக்காமல் நோயை வளர்த்த அரசே, நோயாளியை அகற்றுவதைச் சிகிச்சை என்கிறது. பள்ளிகளில் இது தொடங்கிவிட்டது: 2025 ஜூனில் உத்தரப்பிரதேச அரசு, ஐம்பதுக்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டது. 1948-49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் குழு கிராமப் பல்கலைக்கழகங்களுக்கென்றே தன் அறிக்கையில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. அங்கிருந்து நாடு வந்து சேர்ந்திருக்கும் இடம் இது.

மூவாயிரம் என்னும் வரம்பு கைவிடப்பட வேண்டும். காலியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். உதவித்தொகை பயணச் செலவையேனும் ஈடுகட்டும் அளவுக்கு உயர வேண்டும். தோழர்கள் பணிபுரியும் மாவட்டங்களில் எந்தக் கல்லூரியில் எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், எத்தனை கிலோமீட்டரில் அடுத்த கல்லூரி என்ற விவரத்தை மாணவர் அமைப்போடும் ஆசிரியர் சங்கத்தோடும் சேர்ந்து இப்போதே திரட்டலாம். இணைப்பு ஆணை வந்த பின் திரட்ட நேரமிராது.