பழசு ஏன் செத்துச்சு?

எங்க ஊர் ராஜபாளையம். மேற்கே பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் போனா மலையடிவாரத்துல அய்யனார் கோவில். சாமி பேரு நீர் காத்த அய்யனார். மலையில மழை புடிச்சா கோவில் பக்கத்து ஆத்துல சொல்லாம கொள்ளாம வெள்ளம் வரும். சாமி கும்புடப் போனவங்க அக்கரையில மாட்டிக்கிட்டு, தீயணைப்புத் துறைக்காரங்க கயிறு கட்டிக் கூட்டிட்டு வந்ததெல்லாம் நியூஸ்ல பாத்திருப்பீங்க. மத்த நாள்ல முழங்கால் தண்ணிதான். அதாவது, நாங்க படகு விட்ட பரம்பரை கிடையாது.

அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் ஒருத்தன் மிச்சிகனுக்கு வேலைக்குப் போயி, ஏரிகளைப் பாத்து மயங்கி, 2012-ல இருபத்து மூணு வயசான ஒரு மோட்டார் படகை வாங்குனான். தங்கமணி வேணாம் வேணாம்னு தலையில அடிச்சிக்கிட்டும் கேக்கல. அந்தப் புத்திசாலி சாட்சாத் அடியேன்தான்.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, சித்தப்பா பையன் ஒருத்தன் போன வாரம் போன் பண்ணினான். அவனும் ஒரு பழைய படகு வாங்கி, இன்ஜின் போயிருச்சாம். "அண்ணே, வேற இன்ஜின் போட்டா ஓடும்ல?"ன்னு கேக்குறான். எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான். என் கட்சி என்னன்னா, இது ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி: பழசு ஏன் செத்துச்சு?

படகு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அவுட்போர்டுல மொத்த இன்ஜினும் படகோட வாலுக்கு வெளியே தொங்கும். இன்போர்டுல இன்ஜின் உள்ளே, அடியில தண்டு போட்டு விசிறியைச் சுத்தும். ரெண்டுக்கும் நடுவுல பொறந்ததுதான் ஸ்டெர்ன்டிரைவ். இன்ஜின் உள்ளே, பின்பலகையை ஒட்டி. கியரும் விசிறியும் இருக்குற கால் மட்டும் வெளியே. 1959 ஜனவரியில நியூயார்க் படகுக் கண்காட்சியில வால்வோ பென்டா கம்பெனி அக்வாமேட்டிக்னு இதைக் கொண்டாந்துச்சு. 1961-ல மெர்குரூசர் வந்துச்சு. அப்புறம் அமெரிக்க ஏரியெல்லாம் இதுதான்.

உள்ளே இருக்குறது பெரும்பாலும் கார் இன்ஜின் வம்சம்தான். தூத்துக்குடி, ராமேஸ்வரம் விசைப்படகுல லாரி இன்ஜின் வம்சத்து டீசல் இன்ஜின் ஓடலையா, அந்த மாதிரி. ஆனா ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணியையே பம்ப் உறிஞ்சி, இன்ஜின் வயித்துக்குள்ள சுத்தவிட்டு, புகையோட சேத்து வெளியே துப்பிரும். தண்ணிதான் அதுக்கு உசுரு. தண்ணிதான் எமனும்.

மிச்சிகன் குளிர் உங்களுக்குத் தெரியும். தண்ணி உறைஞ்சா சுமார் ஒன்பது சதவீதம் வீங்கும். வார்ப்பு இரும்பு வீங்காது, வெடிக்கும். அதனால குளிர் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினுக்குள்ள இருக்குற தண்ணியை ஒட்ட வடிக்கணும். நானும் வடிச்சேன் சாமி. வடிகால் திருகையெல்லாம் கழட்டினேன். நாலு சொட்டு வந்துச்சு. காலின்னு நெனச்சு மூடிட்டேன்.

2013 ஏப்ரல்ல ஸ்டார்ட் பண்ணினா, ஆயில் கம்பியில டீ நுரை கலர்ல ஆயில். பிளாக் பக்கவாட்டுல ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

"இருபத்து நாலு வருஷ இன்ஜின், ஆயுசு முடிஞ்சுருச்சு"ன்னு எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கிட்டேன். இன்ஜினைப் பிரிச்சுப் புதுப்பிச்சு விக்கிற ஒரு கடையில இன்னொண்ணு வாங்கினேன். படகு வாங்கின விலையை விட ஜாஸ்தி. காசை மிச்சம் பிடிக்கணும்னு பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழுவி, பெயிண்ட் அடிச்சு, புது இன்ஜின்ல மாட்டினேன். பாக்க ஜம்முனு இருந்துச்சு. ரெண்டே மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏரி நடுவுல நிக்குறோம், சாவியைத் திருப்பினா "டங்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கியிருந்துச்சு. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கயிறு கட்டி இழுத்துக் கரை சேத்தாரு. தங்கமணி ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது பரவாயில்ல.

அந்த வருஷ லீவுக்கு ஊருக்கு வந்தப்போ, அய்யனார் கோவில் ரோட்டுல இருக்குற எங்க மாந்தோப்புக்கு அப்பாவோட போனேன். அங்க ஆயில் இன்ஜின் காலத்துலேருந்து கிணத்து மோட்டார் வேலை பாக்குற ஒரு அண்ணாச்சி உண்டு. அவர்கிட்ட புலம்பினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"மொதல் இன்ஜின் ஏன் தம்பி செத்துச்சு?"

"பழசு அண்ணாச்சி, குளிர்ல வெடிச்சிருச்சு."

"அதான் தண்ணியை வடிச்சேங்கியே, பெறவு எங்கெருந்து தண்ணி வந்துச்சு?"

பதில் இல்ல எங்கிட்ட.

அப்பா சிரிச்சுக்கிட்டே பழைய கதையை எடுத்தாரு. எங்க கிணத்து அஞ்சு எச்.பி. மோட்டார் ஒரு தடவை கருகி, காயில் கட்டி, திரும்பக் கருகி, "ஏழரையா மாத்துங்க"ன்னு ஒருத்தர் சொல்லி, ஏழரையும் மாத்தி, அதுவும் கருகிச்சு. இந்த அண்ணாச்சி வந்து மோட்டாரைத் தொடவே இல்ல. மீட்டரை எடுத்து வோல்டேஜ் பாத்தாரு. கம்பத்துலேருந்து கிணத்துக்கு வர்ற வயர் மெலிசு, நடுவுல ரெண்டு ஒட்டு. வோல்டேஜ் கம்மியா வந்தா மோட்டார் கரண்டை அதிகமா இழுக்கும், சூடாகும், கருகும். பெரிய மோட்டார் போட்டா இன்னும் ஜாஸ்தி இழுக்கும். வயரை மாத்தினாரு. அஞ்சு எச்.பி.யே பல வருஷம் ஓடிச்சு.

மிச்சிகன் திரும்பினதும் ஷெட்டுல கிடந்த செத்த பிளாக்கை இழுத்துப் போட்டேன். வடிகால் ஓட்டைக்குள்ள ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். பொலபொலன்னு துருச்சேறு கொட்டிச்சு. புரியுதா? திருகைக் கழட்டினாலும் ஓட்டை அடைச்சிருந்துச்சு. தண்ணி முழுக்க உள்ளேயே நின்னுருக்கு. மேனிஃபோல்டுலயும் இதே கதை. அதே குளிர்ல அதுலயும் உள்பக்கம் மயிரிழை விரிசல். அதைத்தான் நான் பெயிண்ட் அடிச்சு புது இன்ஜின் தலையில கட்டியிருக்கேன். முதல் இன்ஜினைக் கொன்னதுதான் ரெண்டாவதையும் கொன்னுருக்கு. பிரஷர் டெஸ்ட் பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அதனால தம்பிக்கும், இந்த ஆசையில இருக்குற மத்தவங்களுக்கும் நான் சொல்றது இதுதான்.

பழைய இன்ஜினைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அதைப் பிரிச்சுப் பாருங்க. அதுவே சாட்சி. காரணம் கெடைக்காம புது இன்ஜினுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இன்ஜின் வெளியே வந்ததும் அது உக்காந்திருந்த இடத்தைப் பாருங்க. அந்தக் காலத்துப் படகுல பெரும்பாலும் ஃபைபர்கிளாசுக்குள்ள மரக்கட்டைதான். பின்பலகையும் அப்படித்தான். தேங்காயைத் தட்டிப் பாப்போமே, அந்த மாதிரி சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. "டொக் டொக்"னு கெட்டியா கேக்கணும். "பொத்"னு கேட்டா மரம் உளுத்திருக்கு. அதை முதல்ல சரி பண்ணுங்க. செலவு தாங்காதுன்னா இன்ஜின் ஆசையை விட்டுருங்க. உளுத்த கட்டையில புது இன்ஜின் நிக்காது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ரைசர், தண்ணிப் பம்போட ரப்பர் விசிறி, டிரைவைச் சுத்தி இருக்குற ரப்பர் பெல்லோஸ் இதெல்லாம் இன்ஜினோட சேந்த செலவுன்னு முதல்லயே கணக்குல எழுதுங்க. கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் மலிவுன்னு மாட்டாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், படகோட அடியில தேங்கும், ஒரு பொறி போதும். கடல் ரக ஸ்டார்ட்டர்ல பொறி வெளியே வராம மூடியிருக்கும். அதுக்குத்தான் அந்த விலை.

கடைசியா அலைன்மென்ட். அதுக்குன்னு ஒரு நீளக் கம்பி உண்டு. பின்பக்கமிருந்து அதை விட்டா இன்ஜின் கப்ளருக்குள்ள கையாலேயே வழுக்கிட்டுப் போகணும். சுத்தியல் தேடினீங்கன்னா இன்ஜின் சரியா உக்காரலன்னு அர்த்தம்.

"இவ்வளவு செலவுக்குப் புதுப்படகே வாங்கலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான், கட்டை உளுத்திருந்தா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா காரணம் தெரியாதவன் புதுப்படகு வாங்கினாலும் அதே திருகைக் கழட்டி, அதே நாலு சொட்டைப் பாத்துட்டு மூடத்தான் போறான்.

வளைஞ்ச ராடை மாத்தி, மேனிஃபோல்டு புதுசு போட்டு, அதே ரெண்டாவது இன்ஜின்தான் இன்னைக்கும் ஓடுது. ஒவ்வொரு அக்டோபர்லயும் ஒரு கம்பியை எடுத்துக்கிட்டுப் படகுக்குள்ள இறங்குவேன். ஒவ்வொரு ஓட்டையாக் குத்தி, தண்ணி தானா ஓடி தானா நிக்குற வரைக்கும் பாத்துட்டுத்தான் மூடுவேன். தங்கமணி படியில நின்னு, "ஏங்க, அய்யனாருக்குப் பூசை முடிஞ்சுதா?"ம்பா.

தம்பி கிட்ட போன்ல இவ்வளவும் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான்: "சரிண்ணே... அந்தக் கம்பி எத்தனை எம்.எம்.?"

பய பொழைச்சுக்குவான்.